பூஜ்யத்தில் நின்ற கடிகாரம்

மார்ச் 11. சிறு தவறு செய்துவிட்டேன். காலையில் பார்த்தபோது நிறுத்துக் கடிகாரத்தை முறுக்கும் திருகு துளியும் சுழலாமல் இறுகியிருந்தது. பழசு, துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து அதை வழக்குக் குறிப்பில் எழுதாமல் விட்டேன்.

மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் நாட்குறிப்பில் இதை எழுதிய காவல் உதவி ஆய்வாளருக்கு மனம் உறுத்தியது. வழியிலேயே இறங்கி ஓட்டப்பந்தயச் சங்கத்துக்குத் திரும்பினாள்.

புகார் அன்று காலை ஏழு மணிக்கு வந்தது. 'குதிரை' என்று எல்லோரும் அழைக்கும் ஓட்டக்காரன் ஐயாயிரம் மீட்டரில் சாதனை படைத்த அன்று பெரிய பயிற்சியாளர் நிறுத்திய கடிகாரம், அதே நேரத்தைக் காட்டியபடி இருபது வருடமாகக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இன்று பார்த்தால் முட்கள் பூஜ்யத்தில். பூட்டு உடையவில்லை. பெட்டிச் சாவி இருவரிடம்: பெரிய பயிற்சியாளர், இளையோர் பயிற்சியாளர் 'நிழல்'. குதிரைக்குப் பின்னாலேயே ஓடி எப்போதும் இரண்டாவதாக வந்தவன் நிழல். வரும் ஞாயிறு புதிய அரங்குக்குக் குதிரையின் பெயர் வைக்கிறார்கள். வயிறு எரியாதா? சங்கச் செயலர் அவனை வேலையிலிருந்து தூக்கவே முடிவு செய்துவிட்டார்.

மாலை அவள் திரும்பியபோது மூவரும் சங்க அறையில் இருந்தார்கள். "பொறாமை இருந்துச்சு மேடம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றான் நிழல். "அவன் முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயசாச்சு. ஆனா அதைத் தொடல."

குதிரை சிரித்தான். "டேய், என் முதுகு அவ்வளவு அழகாடா? மேடம், ஐயா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, திருகைச் சுத்திச் சாவி கொடுத்துத்தான் பைக்குள்ள போடுவார். சாதனை அன்னைக்கு மட்டும் அழிக்கல, சாவியும் கொடுக்கல. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."

உதவி ஆய்வாளர் கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். டிக் டிக்கென்று சீராக ஓடியது. துரு இல்லை.

சற்று ஓடவிட்டு நிறுத்தி, நிழலிடம் நீட்டினாள். "பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க."

அவன் அமுக்கினான், மேசைமேல் வைத்தான்.

மறுபடி ஓடவிட்டு நிறுத்தி, பெரிய பயிற்சியாளரிடம் கொடுத்தாள். "நீங்களும் ஐயா."

"இதெல்லாம் என்னம்மா விளையாட்டு?" அமுக்கினார். முட்கள் பூஜ்யத்துக்குத் தாவின. அவர் விரல்கள் நிற்கவில்லை. திருகைப் பிடித்து, கிர்ரென்று அது இறுகும்வரை முறுக்கேற்றின.

உதவி ஆய்வாளர் அவர் விரல்களைக் காட்டினாள்.

"சாதனை அன்னைக்கு ஓடி நின்ன, அப்புறம் முறுக்கேத்தாத கடிகாரம் ஐயா. திருகு கொஞ்சமாவது சுத்தணும். காலையில சுத்தவே இல்ல. அழிச்சவர் முறுக்கேத்திட்டும் போயிருக்கார். அழிக்க வந்தவருக்கு அது எதுக்கு? கைப் பழக்கம்."

பெரியவர் விரல்களையே பார்த்தார். "அவன் அரங்கம், அவன் சிலை, அவன் பேட்டி. மேடையில எனக்கு மூணாவது வரிசை நாற்காலி. இவனை ஓட வெச்சது யாரு?" கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். "சாவி கொடுத்தது ஞாபகமே இல்லம்மா."

"கேட்டிருந்தா நானே உங்க பேரை வைக்கச் சொல்லியிருப்பேனே ஐயா" என்றான் குதிரை.

"கேட்டு வாங்கறதா அது?" என்றார் பெரியவர்.

நிழல் கடிகாரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். முட்கள் பூஜ்யத்திலேயே இருந்தன.

நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் அடியில் உதவி ஆய்வாளர் எழுதினாள்: நாளை: காலை முதல் வேலையாகச் செயலரைப் பார்த்து, நிழல் மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.