கிணற்றோரம் நிற்கும் ஜீப்

"ஆ...!"

அலறல் ரெக்ஸின் அறைக்குள்ளிருந்து வந்தது.

ரோஸ்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

காலை பதினோரு மணி. அல்லிநகரத்தில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு மேலே, முதல் மாடி. மூன்றே பேர் வேலை செய்யும் கேம் கம்பெனி. அலறுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

கதவு படாரென்று திறந்தது.

முதலாளி ரெக்ஸ் நின்றான். கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

"இத யாரு வெச்சது?"

போனில் அவர்களுடைய கேம். திராட்சைப் பந்தல். ஒரு பாழுங்கிணறு. அதன் ஓரத்தில்... ஒரு சிவப்பு ஸ்கூட்டர்!

"நான்தான் சார்."

"யாரக் கேட்டு வெச்ச?"

"சின்னச் சின்ன பொருளெல்லாம் நீயே வெச்சுக்கன்னு நீங்கதான சொன்னீக? நேத்து அப்டேட்டுல போட்டேன்."

"அது யாரு ஸ்கூட்டர்னு தெரியுமா?"

"எங்க அக்கா ஸ்கூட்டரு. எனக்குத் தெரியாதா சார்?"

ரெக்ஸ் போனைச் சட்டைப் பையில் திணித்தான்.

"எடுத்துரு! இன்னிக்கே வேற அப்டேட் போடு. இனி அந்தக் கெணத்துப் பக்கமே நீ போகக் கூடாது!"

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரோஸ்லின் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

சகாயராணி. ரோஸ்லினின் அக்கா. இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கேமுக்கு மேப் செய்தவள். பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் படம் எடுக்கப் போனாள். நாற்பது படங்களை ஆபீசுக்கு அனுப்பினாள். கடைசிப் படம், அந்தக் கிணறு.

அப்புறம் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஸ்கூட்டர் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றது. குமுளி பஸ் ஏறியிருப்பாள், கூட எவனாவது இருப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தோட்டத்தை யாரும் தேடவில்லை. அம்மா ஆரோக்கியம்மாள் மட்டும் அவளுடைய நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள்.

அக்கா உயிரோடு இருக்கிறாளா?

ரோஸ்லினுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இந்த நாற்காலிக்கு அவள் வந்ததே அதற்காகத்தான்.

போன திங்கட்கிழமை, பதில் கிடைத்ததுபோல் இருந்தது.

கம்பத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப். கவிழாமல் போய்ச் சேர வேண்டும். கேம் அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் பேர் ஓட்டுகிறார்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே கவிழ்கிறார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் மேப்பில் சிவப்பாக விழும். சிவப்பு விழுந்த இடத்தில் புதிதாக ஏதாவது வைப்பார்கள். ஒரு டீக்கடை, ஒரு செக்போஸ்ட், ஒரு யானை. யாரும் போகாத இடம் வெள்ளையாகக் கிடக்கும். அதை அப்படியே விட்டுவிடுவார்கள். மாதாமாதம் அப்டேட் பிறப்பது இப்படித்தான்.

திங்கட்கிழமை, கிணற்றோரம் ஒரு சிவப்புப் புள்ளி!

அங்கே டீக்கடை இல்லை. யானை இல்லை. எதுவுமே இல்லை. ஆனால் ஒரே ஓர் ஆள் தினமும் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். பத்து நிமிடம். சும்மா. பிறகு போய்விடுகிறான்.

அவனா... அவளா?

அக்கா கடைசியாகப் படம் பிடித்த கிணறு. அங்கே வந்து உட்கார அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் ஸ்கூட்டரை வைத்தாள். பார்த்தால் அக்காவுக்குப் புரியும்.

"என்ன ரோஸு... முதலாளி காலங்காத்தாலயே சாமியாடுறாரு?"

அடுத்த மேஜையிலிருந்து ஜோ. டெஸ்டர். அப்டேட் வெளியே போகுமுன், மேப்பில் ஓர் அங்குலம் விடாமல் ஜீப்பை ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. சுவரில் முட்டுவான். பள்ளத்தில் விழுவான். தேனி மாவட்டத்திலேயே அதிக தடவை செத்தவன் நான்தான் என்று பெருமை பேசுவான்.

"ஜோண்ணே... ஒண்ணு காட்டுறேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு. சிரிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?"

அவள் புள்ளியைக் காட்டினாள். பத்து நிமிடக் கணக்கைச் சொன்னாள். அக்காவைச் சொன்னாள்.

ஜோ சிரிக்கவில்லை.

"நகரு. நான் பாக்குறேன்."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். எதையோ தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். மறுபடி திருப்பி வைத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"இந்த போன் குமுளியில இருக்கு, ரோஸு."

"குமுளியிலயா?!"

"உங்க அக்காதான்."

ரோஸ்லினின் கண்கள் நிறைந்தன.

"அம்மாட்ட சொல்லிரவா?"

"ஏ புள்ள! பதினாலு மாசமா ஒளிஞ்சிருக்கவ. கூட்டமா போய் நின்னா ஓடிர மாட்டாளா? யாருகிட்டயும் மூச்சு விடாத. நாம ரெண்டு பேரும் என் வண்டியில போயிருவோம். மலைமேல ஏறுற மெட்டு ரோடு வழியா. அங்கன ஆளுக நடமாட்டம் கம்மி."

"ரெக்ஸ் சார்கிட்டயாவது..."

"அவருகிட்டயா?" ஜோ மூடிய கதவைப் பார்த்தான். "ஸ்கூட்டரப் பாத்து நீ கத்துனியா? நான் கத்துனனா? அவருக்கு மட்டும் ஏன் உசுரு போகுது? யோசி."

ரோஸ்லின் யோசித்தாள். மூடிய கதவை அவளும் பார்த்தாள்.

"போன ஆஃப் பண்ணிக்க. நான் வண்டிய எடுக்குறேன்."

அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினான்.

அவள் பையை எடுத்தாள். அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மேப்பைப் படம் எடுக்கக் குனிந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். 'நம்ம ஆபீஸ் போன்களை நீக்கு.' மாதாமாதம் முதல் வேலையாக டிக் செய்கிற கட்டம். டெஸ்ட் செய்கிற போன்கள் கணக்கில் வந்தால் மேப் குழம்பிவிடும்.

கட்டம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை மறந்திருக்கிறாள்!

டிக் செய்தாள்.

சிவப்புப் புள்ளி மறைந்தது.

குமுளி இல்லை. அக்கா இல்லை. அந்த ஜீப்பை ஓட்டியது... இந்த மாடியிலேயே இருக்கிற ஒரு போன்!

டிக்கை எடுத்தாள். புள்ளி திரும்ப வந்தது. போன்களின் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர்கள். முதலில் ரெக்ஸ். தட்டினாள்.

பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. கிணற்றோரம் மட்டும் ஒரே ஒரு சிவப்பு.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

"பாத்துட்டியா?"

ரெக்ஸ்!

"கிட்ட வராதீக!"

"வரல. இங்கனயே நிக்கிறேன்."

"எங்க அக்காவ என்ன பண்ணீக?"

"கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தேன்."

ரோஸ்லின் ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஈஸ்டர் முடியவும் ரெண்டு வீட்டுலயும் சொல்றதா இருந்தோம். அவ கடைசியா நின்ன எடம் அது. நேர்ல போகத் தைரியம் இல்ல. கேமுல போய் உக்காந்துக்குவேன். பத்து நிமிசம். இன்னிக்குப் போனா... ஸ்கூட்டர் நிக்குது. வந்துட்டான்னு நெனச்சேன், ரோஸ்லின். ஒரு நிமிசம் நெசமாவே அப்படி நெனச்சேன்."

அவன் அழுதான். ரோஸ்லின் நம்பவில்லை. அழத் தெரிந்தவனுக்குக் கொலை செய்யத் தெரியாது என்று யார் சொன்னது?

கீழே ஹாரன் சத்தம். நீளமாக.

"ஜோ எங்க கூப்புடுறான்?"

"குமுளிக்கு. அந்த போன் அங்கன இருக்குன்னு..."

"எந்த போன்? என் போனா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரோஸ்லின் மெல்லத் திரும்பினாள். பட்டியலில் இன்னொரு பெயர் இருந்தது. ஜோ. தட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு!

ஊர்கள், மெட்டு ரோட்டு வளைவுகள், ஓடை, சுடுகாடு, முள்ளுக்காடு... ஜீப் போகாத இடமே இல்லை. மற்றவர்களின் சிவப்போடு கலந்து இதுவரை தனியாகத் தெரியாத தடங்கள், உழுது போட்டதுபோல் இருந்தன.

ஓரிடம் தவிர.

கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம். அப்பழுக்கில்லாத வெள்ளை. பதினான்கு மாதமாக அந்த வட்டத்துக்குள் அவன் ஒரு தடவைகூடப் போகவில்லை!

ரெக்ஸ் மேஜைக்கு வந்து ஜோவின் ரிப்போர்ட்டுகளைத் திறந்தான். எல்லாவற்றிலும் ஒரே வரி.

'கிணறு. ஓட்டிப் பார்த்தேன். சரி.'

ரெக்ஸின் விரல்கள் போனில் ஓடின. சகாயராணி வழக்கைப் புதிதாகக் கையில் எடுத்திருந்த இன்ஸ்பெக்டர் இருளம்மாள். நான்கே வார்த்தைகளில் விஷயம் சொன்னான்.

"கோர்ட்டு வேலையா தேனியிலதான் இருக்கேன்," என்றது அந்தக் குரல். "பத்து நிமிசம் அவன அங்கனயே உக்கார வைங்க."

படியில் காலடிச் சத்தம்.

ரெக்ஸ் அறைக்குள் போனான். கதவு ஒருக்களித்தது.

"என்ன புள்ள, வரலையா?" ஜோ மூச்சு வாங்கினான்.

"வாரேண்ணே. முதலாளி அந்த ஸ்கூட்டர எடுக்கச் சொன்னாருல்ல? எடுத்துட்டேன். ஒருதடவ ஓட்டிப் பாத்துச் சொல்லிட்டீகன்னா கெளம்பிரலாம்."

டெஸ்ட் போனை நீட்டினாள். குரல் நடுங்காமல் இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"வந்து பாத்துக்குவோம்."

"ரெண்டு நிமிசம்ணே. கெணத்துகிட்ட ஒரு சுத்து. அம்புட்டுதான்."

ஜோ போனை வாங்கினான்.

ஜீப் கிளம்பியது. பந்தல்களுக்கு நடுவே பாம்புபோல் வளைந்து போனது. வேலி வந்தது. கிணற்றுச் சுவர் தெரிந்தது.

ஜீப் நின்றது. திரும்பியது.

"திரும்பிருச்சேண்ணே."

"கை வழுக்கிருச்சு."

மறுபடி ஓட்டினான். அதே வேலி. அதே இடம். திரும்பியது!

திரையில் ஒரு சொட்டு வேர்வை விழுந்தது.

"இன்னும் ஒருக்கா பாருங்கண்ணே."

"சரியாத்தான் இருக்கு!"

"பாக்காமலே எப்படிண்ணே சரின்னு சொல்றீக?" ரோஸ்லின் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள். "அதுவும்... பதினாலு மாசமா?"

சிவப்புக்கு நடுவே வெள்ளை வட்டம்.

ஜோ அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் அதுவரை பார்த்திராத ஒரு முகம் அது.

"இப்படித்தான் அவளும் கேட்டா," என்றான் மெதுவாக. "என்னய ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போயி, கெணத்து ஓரமா நிக்க வெச்சுக் கேட்டா. 'நம்ம மேப்ப வேற கம்பெனிக்கு வித்தது நீதான?'ன்னு. ரெக்ஸ்கிட்ட சொல்லிருவேன்னா."

"தள்ளிட்டீக..."

"ஒரே தள்ளு. சத்தமே வரல. ஸ்கூட்டரக் கம்பத்துல கொண்டுபோய் விட்டேன்." ஓர் அடி முன்னால் வைத்தான். "நீ பேசாம குமுளிக்கு வந்திருக்கலாம் புள்ள. மெட்டு ரோடு. ஏழாவது வளைவு. வலியே தெரிஞ்சிருக்காது!"

அவன் கைகள் உயர்ந்தன.

"ஏலே!"

ரெக்ஸ் பாய்ந்தான். மேஜை கவிழ்ந்தது. இருவரும் உருண்டார்கள். ரோஸ்லின் கத்திய கத்தலில் கீழே ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் படியேறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தொப்பியைச் சரிசெய்தபடி, இன்ஸ்பெக்டர் இருளம்மாள்.

மாலை நான்கு மணி.

திராட்சைத் தோட்டத்தில் தீயணைப்புக்காரர்கள் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரெக்ஸ். நேரில் அவன் அந்த இடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. இனி கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிச்சம் இல்லை.

வேலியோரம் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே விலங்கோடு ஜோ. கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

"கிட்ட வேணாம் மேடம்... எந்த எடம்னு இங்கன இருந்தே கை காட்டிர்றேன்."

இருளம்மாள் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"அதெப்படி தம்பி? பதினாலு மாசமா மட்டம் போட்ட வேல! இன்னிக்கு ஓவர்டைம் பாத்துத்தான் ஆகணும்... எறங்கு!"