எந்த லெஸ்டர் நம்ம அப்பா?

மில்டனுக்கு அப்பாவின் குரல் நினைவில் இல்லை. அப்பா இறந்தபோது அவனுக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து. முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. உயரத்துக்கு அலமாரியில் தொங்கும் கோட்டு இருக்கிறது. குரலுக்குத்தான் வீட்டில் ஒன்றுமே இல்லை.

இதை நினைத்து உருகியது மில்டன் இல்லை, அவனுடைய அக்கா கோரா. அவளுக்குப் பத்து வயது. தன் காதில் அப்பா இன்னும் கொஞ்சம் இருக்கிறார், தம்பி காதில் துளிகூட இல்லை என்பது அவளுக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

அப்பா ரே டில்லனின் குரல் என்ன சாதாரணக் குரலா? அமெரிக்காவில் பர்பேங்க் நகரத்துக் கார்ட்டூன் கம்பெனி ஒன்றில் லெஸ்டர் என்ற கூழைக்கடாப் பறவைக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். லெஸ்டர் மாலுமித் தொப்பி போட்டிருக்கும். வாய் ஓயாமல் பெருமையடிக்கும். ஒவ்வொரு படத்திலும் கடைசியில் தொபுக்கென்று தண்ணீரில் விழும். சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் சில நிமிடங்கள் ஓடுகிற குட்டிப் படங்கள் அவை.

குரல் கொடுத்தவர் பெயரைத் திரையில் போடுவது அப்போது வழக்கமில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் கோரா சொன்னதை யாரும் நம்பவில்லை. டுவேன் என்ற பையன், தன் அப்பாதான் படத் தொடக்கத்தில் வரும் சினிமாச் சிங்கமாகக் கர்ஜித்தவர் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். கொட்டகைகளிலும் லெஸ்டர் படம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் குரல் எங்கோ ஒரு தகர டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தது.

அம்மா ஈடித்தும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். கண்ணாடித் தாளில் வரைந்த படங்களுக்கு வண்ணம் பூசுகிற வேலை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், லெஸ்டரின் பழைய படங்களை ஒன்றாகக் கோர்த்துத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் காட்டப் போகிறார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கோராவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மில்டனைப் பிடித்து உட்காரவைத்து, அப்பா பேசுவதை நீ கேட்கப் போகிறாய் என்று சொன்னாள்.

அவர்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. எதிர்வீட்டு மிஸ்டர் ஹார்கின்ஸ் வீட்டில் இருந்தது. அவர் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெட்டியைப் போட்டதும் தூங்கிவிடுவார். அணைத்தால் விழித்துக்கொண்டு, யார் அணைத்தது என்று கேட்பார்.

கம்பெனி நடத்திய அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சி புதன்கிழமைதோறும் சாயங்காலம் வரும். ஆனால் என்ன வரும் என்பது வாராவாரம் மாறும். முதல் புதன்கிழமை இரண்டு பேரும் தலைவாரிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரமும் சால்மன் மீன்கள் ஆற்றை எதிர்த்து நீந்தின. மில்டன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதில் எந்த மீன் அப்பா என்று கேட்டான்.

அடுத்த வாரம் நிலாவுக்கு ராக்கெட் விடுவது எப்படி என்று ஒருவர் கரும்பலகையில் விளக்கினார். அதற்கடுத்த வாரம் காட்டில் வழிகாட்டி ஒருவர் கரடியோடு மல்லுக்கட்டினார். கோரா நம்பிக்கையை விடவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு புதன்கிழமை, பெட்டியில் மாலுமித் தொப்பி தெரிந்தது.

கோரா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையில் லெஸ்டர் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அப்படியே திரும்பி நேராக அவர்களைப் பார்த்தது. "வா வா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு என் பழைய கதையெல்லாம் உனக்குச் சொல்லப் போறேன்" என்றது.

மில்டனின் வாய் பிளந்தது. "அக்கா, அப்பா என்னப் பாத்துப் பேசறார்" என்றான்.

கோரா அவன் கையை விட்டுவிட்டாள். அது அப்பாவின் குரல் இல்லை.

குரல் ஏறக்குறைய அதே மாதிரி இருந்தது. அதே பெருமை, அதே இழுப்பு. ஆனால் உள்ளே யாரோ வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் சேர்க்கப் புதிதாக வரைந்த பகுதி அது. இறந்தவரை அழைத்துப் பேசவைக்க முடியாது, புது ஆளைப் பேசவைத்திருக்கிறார்கள்.

பிறகு பழைய படம் தொடங்கியது. லெஸ்டர் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று ஒரு நண்டைத் திட்டியது. அதுதான் அப்பா. மூன்று வருடமாகக் கேட்காத குரல். கோராவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

மில்டன் முகத்தைச் சுளித்தான். "இது யாரு? இது வேற லெஸ்டர்க்கா. இது என்னப் பாக்கவே மாட்டேங்குது. அப்பா எப்ப வருவார்?"

அந்த ஒரு மணி நேரமும் இப்படியே போனது. அப்பா பேசியபோதெல்லாம் மில்டன் கால்சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். புது ஆள் பேசியபோதெல்லாம் மண்டியிட்டுப் பெட்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனான். கடைசியில் லெஸ்டர் கையசைத்து, "போயிட்டு வரேன் கண்ணு" என்றது. மில்டனும் கையசைத்தான். மிஸ்டர் ஹார்கின்ஸ் விழித்துக்கொண்டு, யார் அணைத்தது என்று கேட்டார்.

தெருவைக் கடக்கும்போது மில்டன் துள்ளிக்கொண்டே வந்தான். அப்பா தன்னைக் கண்ணு என்று கூப்பிட்டதை மூன்றாவது முறையாகச் சொன்னான். கோராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அது அப்பா இல்லடா. அது எவனோ ஒருத்தன். நண்டத் திட்டினாரே, அவர்தான் அப்பா" என்று வெடித்தாள்.

மில்டன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். அழுவான், பொய் சொல்கிறாய் என்று கத்துவான் என்றுதான் கோரா நினைத்தாள். அவன் கத்தவில்லை.

"அப்ப அப்பா என்கிட்ட பேசவே இல்லையா?" என்று கேட்டான்.

கோரா சொன்ன சொல்லைத் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அம்மாவிடம், வேறு ஆள் பேசியிருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அம்மா தெரியும் என்றாள். அந்த நாற்காலிப் பகுதிக்கு வண்ணம் பூசியதே அவள்தான். ஸ்டூடியோவில் அந்தப் புது ஆள் பேசிப் பார்க்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டாளாம்.

"நல்ல மனுஷன்தான் கோரா. உங்கப்பா மாதிரி பேசணும்னு ரொம்பப் பாடுபட்டார். அதக் கேட்டுட்டு என்னால அன்னிக்கு பிரஷ்ஷையே பிடிக்க முடியல. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் போனது கோராவுக்கு. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மில்டன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். வேலையிலிருந்து வந்த அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. அவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி மக்ரோனி செய்து, தட்டை அங்கேயே தள்ளினாள். தொடவில்லை. அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை. சும்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

கோரா வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். தம்பிக்கு மூளையே இல்லை என்று முதலில் திட்டினாள். அப்புறம் அவன் கேட்ட கேள்வியை மறுபடி நினைத்துப் பார்த்தாள். அவன் கேட்டது சரிதானே? நண்டோடு பேசுகிற அப்பாவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது அவனோடு பேசுகிற அப்பா.

லெஸ்டர் குரலை எப்படி உண்டாக்குவது என்று அவளுக்குத் தெரியும். அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்பா போனபின் ஒருநாள்கூட அதை அவள் செய்து பார்க்கவில்லை. தப்பாக வந்து, தன் காதில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. எழுந்து உள்ளே போனாள்.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், மில்டனின் தட்டிலிருந்து ஒரு கை மக்ரோனியை அள்ளி வாயின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டாள். அப்பா ரொட்டியை அடைத்துக்கொள்வார். மோவாயைக் கழுத்தில் அழுத்தி, மூச்சை இழுத்துப் பேசத் தொடங்கினாள். புரையேறிவிட்டது. ஒரு மக்ரோனி பறந்துபோய் மில்டனின் காதில் ஒட்டியது.

மில்டன் அதை எடுத்துப் பார்த்தான். "என்ன பண்ற?" என்றான்.

கோரா கண்ணை மூடிக்கொண்டு, அப்பா கதவைத் திறந்து உள்ளே வருவதை நினைத்துக்கொண்டாள். மறுபடி முயன்றாள்.

"மில்டன் டில்லன், என் மீனு எங்கடா?"

வந்துவிட்டது. அப்பாவே கேட்டதுபோல் இல்லைதான். ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதுபோல் இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

மில்டன் அக்காவையே பார்த்தான்.

கோரா வாயிலிருந்ததை விழுங்கினாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் அப்பா இப்படித்தான் கேட்பார் என்று சொன்னாள். "உன்கிட்ட மட்டும்தான்டா. நானே பொறாமப்பட்டிருக்கேன். உன்னத் தூக்கி, உன் வயித்துல மூக்க வெச்சு மீனத் தேடுவார்."

"நான் என்ன சொல்வேன்?"

"உனக்கு அப்ப பேச வராது. சும்மா சிரிப்ப."

மில்டன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினான். "இன்னொரு தடவ கேளு" என்றான்.

கோரா மறுபடி கன்னத்தை நிரப்பிக்கொண்டாள். "மில்டன் டில்லன், என் மீனு எங்கடா?"

மில்டன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"நானே தின்னுட்டேன்ப்பா" என்றான்.

அம்மா ஈரக்கையோடு வந்து குனிந்து பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்கும் உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டாள். மில்டன் நகர்ந்து இடம் விட்டான்.