தைல வாசனை

கையை முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. சோப்பு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று சாப்பிட உட்கார்ந்தார்.

இறந்தவர்களின் மூளையை ஃபார்மலினில் ஊறவைத்து, துண்டு போட்டு, டாக்டரம்மா பார்க்கத் தயார் செய்வது அவர் வேலை. கையைக் கழுவி முகர்ந்த பிறகே சோற்றில் கை வைப்பார்.

"கை கழுவலையா? இந்த நாத்தம் நாறுது" என்றாள் மனைவி. "மூக்குக்கு லீவு விட்டுட்டீங்களா?"

சிரித்தார். எழுந்து போய் மறுபடியும் கையைக் கழுவினார்.

மறுநாள் ஆய்வகத்தில் ஃபார்மலின் வாளியைத் திறந்து, பக்கத்து மேசைக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓட, கண்ணில் நீர் வழிய வழிய, மூக்கை உள்ளே நீட்டி நின்றார். எரிந்தது. வாசனை இல்லை.

அன்று அறுத்த மூளை நடுக்குவாதக்காரர் ஒருவருடையது. நடுமூளையில் மையால் கீறியதுபோல் ஒரு கரிய கோடு இருக்கவேண்டும். உடல் அசைவை ஆளும் டோபமின் சுரக்கும் செல்களின் நிறம் அது. இதில் வெளிறிக் கிடந்தது. இந்த நோய்க்காரர்களைப் பற்றி டாக்டரம்மா சொல்வது அவருக்கு மனப்பாடம். பெரும்பாலும் முதலில் மூக்கு போகும். கை நடுங்கும். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். இருக்கிற ஆளைத் தெரியாமல் போகும். போனது எதுவும் திரும்பாது.

யாரிடமும் சொல்லவில்லை. பயம் ஒன்றே ஒன்றுதான்: மனைவியைத் தெரியாமல் போய்விடக்கூடாது. தலைவலிக்காரி அவள். நெற்றிப்பொட்டில் எந்நேரமும் தைலம். அவள் வருமுன் வாசனை வரும்; அதைப் பிடித்துக்கொண்டே அவளை அடையாளம் கண்டுவிடலாம். அந்த வாசனைதான் முதலில் போயிருந்தது.

கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மழை பெய்த ஒரு மத்தியானம், ஈரத்துணி காயும் அறையில், ஜன்னல் திரை உப்புவதும் அடங்குவதுமாக இருக்க, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஏங்க, அந்தத் துண்டை எடுத்துக் குடுங்க."

மனைவியின் குரல். உள்ளேயிருந்து.

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அதே முகம். தாடையில் அதே மச்சம். அவள் நிமிரவில்லை. தோல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

குனிந்து அவள் நெற்றியை முகர்ந்தார்.

ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. ஈரக்கால்கள் வந்தன. அதே முகம். அதே மச்சம்.

"யாரைப் பாத்துட்டிருக்கீங்க?"

கிட்டே வந்தவள் நெற்றியையும் முகர்ந்தார்.

ஒன்றுமில்லை.

வந்தவள் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். இரண்டு நெற்றியிலும் தைலம் பளபளத்தது.

"நான் யாருன்னு தெரியுதா?"

இரண்டு வாயும் ஒன்றாக அசைந்தன. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு பிடியும் சூடாக இருந்தன.