டயர்க் கல்லைக் கெடுத்தது யார்?

பானுப்ரியா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கான்கிரீட் கட்டையைக் கோமளவல்லியின் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வைத்த அதிர்ச்சியிலேயே அதன் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மணல்ல ஒரு பங்குக்குப் பதிலா பழைய டயர் தூள் போட்டு செஞ்சதுங்க மேடம். பலம் கொஞ்சம் குறையும், அது கணக்குல வெச்சதுதான். முன்னாடி செஞ்சு பார்த்ததெல்லாம் தேறிச்சி. சோதனைக்கு ஆபீசுக்குக் குடுத்த கட்டை மட்டும் அழுத்திப் பார்க்கற மெஷின்ல வெச்சதும் பாதி பலத்துலயே நொறுங்கிடுச்சி."

முருகன் கோயில் மலையடிவாரத்தில் காவடிக்காரர்கள் வெறுங்காலில் நடக்க ஒரு நடைபாதை வரப்போகிறது. டயர்க் கல் காலுக்கு இதமாக இருக்குமென்று, அந்த வேலையைத் தரும் ஆபீசில் அவள்தான் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள். அந்த வேலை கைவிட்டுப் போனால் கே.ஜி.கண்டிகையில் அவள் நடத்தும் கல் பட்டறைக்குப் பூட்டுதான்.

"இன்னொரு தடவை சோதனை வைக்கிறேன்றாங்க. ஆனா எதனால கெட்டுதுன்னு காரணம் சொல்லணுமாம்."

"யார் மேல சந்தேகம்?"

"எங்க மாமனார் மேலதான். டயர்க் கல்லு வேணாம்னு ஆரம்பத்துலேருந்தே சிரிக்கிறாரு. ஒரே வீட்டுல இருந்துகினு அவரோட பேசறதையே விட்டுட்டேன்." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

கோமளவல்லி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதற்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை. அவருடைய கொழுந்தன் முருகவேலுக்குப் பிழைப்பு ஆட்டோ, பைத்தியம் துப்பறிவது. அண்ணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறை போய்ச் சேர்வதற்குள் குற்றவாளியையே பிடித்துவிட்டான்.

"பிரகாஷ்தான் அண்ணி. சாதா கல் போடறவன், இந்த ஆர்டருக்கு அவனும் நிக்கிறான். கலவை போட்ட அன்னிக்கி அங்கயே சுத்திகினு இருந்திருக்கான்."

"முதல்ல ரோட்டைப் பார்த்து ஓட்டு, வேலு."

பட்டறையில் மேஸ்திரி சுப்பன் நடந்ததைச் சொன்னார். "கிருத்திகை நல்ல நாளுன்னு அன்னிக்கே கலந்தோம்மா. தண்ணிய தனி டிரம்ல புடிச்சி, பொட்டு வெச்சி பூஜை போட்டோம். மறுநாள் அச்சைக் கழட்டினா நகம் பதியுது, அவ்ளோ ஈரம். டயர் கோளாறுன்னு நெனச்சேன்."

"முன்னாடி செஞ்சப்போ?"

"மறுநாளே கல்லு மாதிரி ஆயிட்டுது."

அடுக்கிய கற்கள்மேல் உட்கார்ந்திருந்த மாமனார் கஜபதி குறுக்கே புகுந்தார். "டயர்ல வண்டி ஓட்டலாம், கல்லு செய்யலாமா? நான் அப்பவே சொன்னேன்."

"பூஜைக்கு நீங்களும் இருந்தீங்களா?"

"ஆங், இருந்தேன். கிருத்திகை தவறாம மலைக்குப் போறவன் நான். அன்னிக்கும் விடிய ஏறி எறங்கி, நேரா இங்கதான் வந்தேன்." அதன்பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முருகவேல் அந்த நிமிஷமே பிரகாஷை விடுதலை செய்துவிட்டுக் கிழவரைக் கைது செய்தான், மனசுக்குள்தான்.

கோமளவல்லி உடைந்த கட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயர் தூள் ஓரிடத்தில் ஒதுங்காமல் சீராகப் பரவியிருந்தது. அளவும் கூடுதலாகத் தெரியவில்லை. பிறகு, பூஜை போட்டதென்று யாரும் தொடாமல் ஓரமாக வைத்திருந்த டிரம்மிடம் போனார். அதன் விளிம்பில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. காய்ந்த அடியில் கறுப்பாக, சுருங்கிய ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது.

"டயர் துண்டு அண்ணி," என்றான் முருகவேல்.

"அப்படியா? சரி, பிரகாஷுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லு."

பிரகாஷ் முறைத்துக்கொண்டே வந்து நின்றான். எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"டயர் மேல குத்தம் இல்ல," என்று ஆரம்பித்தார் கோமளவல்லி. "டயர் தூள் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா மறுநாளும் நகம் பதியற அளவுக்குக் கலவையை ஈரமா வைக்காது. சிமெண்டையே ஏதோ இறுக விடாம புடிச்சி வெச்சிருக்கு. இனிப்புக்கு அந்தக் குணம் உண்டு. தண்ணியில கொஞ்சம் கரைஞ்சாலே போதும்."

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றான் பிரகாஷ்.

"உங்களை இல்லீங்க. கெடுக்க வர்றவன் கடையில சர்க்கரை வாங்கிக் கொட்டிட்டுப் போவான். வேலு டயர் துண்டுன்னு சொன்னானே, டயரை எறும்பு மொய்க்குமா? அது திராட்சை. வெல்லமும் திராட்சையும் சேர்ந்து வந்தா அது பஞ்சாமிர்தம். அன்னிக்கி மலையிலேருந்து நேரா வந்தவர் ஒருத்தர்தான்."

பானுப்ரியா திரும்பினாள். "ஏன் மாமா? வேணாம்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

கஜபதி தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கெடுக்கணும்னு இல்லம்மா. ஊரே சிரிச்சிது, நானும் சேர்ந்து சிரிச்சேன். ஆனா நீ படற பாடு எனக்குத் தெரியாதா? சாமி பிரசாதம் சேர்ந்தா கல்லு நிக்கும்னு யாருக்கும் தெரியாம டிரம்ல கரைச்சேன்."

"கட்டை உடைஞ்சப்போ உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டார் கோமளவல்லி.

"தோணிச்சி. புதுசா சேர்ந்தது அது ஒண்ணுதானே. சொன்னா, முருகன் பிரசாதத்தால கெட்டுப்போச்சுன்னு நாலு பேர் பேசுவாங்க. அந்தப் பேரு சாமிக்கு வரக் கூடாது. பழி என் மேலயே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

முருகவேலுக்கு வெட்கமாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்த வழியாகப் போகலாம் என்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான்.

பானுப்ரியா மாமனாருக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "காரணம் கெடைச்சிடுச்சி மாமா. நாளைக்கு மறுபடியும் கலக்கறோம். முதல் கலவைச் சட்டிய நீங்கதான் எடுத்துப் போடணும்."

"நானாம்மா?"

"ஆங், நீங்கதான். பஞ்சாமிர்தத்த மட்டும் எங்க கையில குடுத்துடுங்க, சாப்புட்டுட்டு வேலை செய்யறோம்."

பெரியவருக்கு அழுகை வந்துவிட்டது.