அச்சில் சிக்கிய கூடு

"என்னைத் துப்பாக்கிச் சங்கத்தை விட்டே தூக்கப் போறாங்க, ஆர்வில் அண்ணே," என்று வந்து நின்றாள் லோர்னா. மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் தபால் கொண்டுபோகிறவள். குறிபார்த்துச் சுடுவது ஒன்றுதான் அவளுக்குச் சந்தோஷம். "வெண்டெலோட தோட்டா மசகுப் புட்டியில நான் வெறும் ஸ்பிரிட்ட மாத்தி ஊத்திட்டேனாம். சாயங்காலம் ஓட்டெடுப்பு."

ஓய்வுபெற்ற ஷெரிப் ஆர்வில் டேட்டுக்கு வெண்டெல் ஸ்ட்ராப் என்றாலே குமட்டும். துப்பாக்கிப் போட்டியில் பதினொரு கோப்பை வென்றவன்; அதைச் சொல்லாமல் ஒரு ரொட்டிகூட வாங்கமாட்டான். அவனவன் தோட்டாவை அவனவனே செய்ய வேண்டும் என்பது போட்டி விதி. தன் தோட்டா தன் கையால்தான் என்ற அவன் பெருமையையும் கேட்டுக் கேட்டுத்தான் அவன் மனைவி இர்மா இந்த வசந்தத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரே பேசியது.

லோர்னாவையும் முடிதிருத்தும் மைலோவையும் அழைத்துக்கொண்டு ஆர்வில் சங்கத்துக்குப் போனார். சங்கத் தலைவர் தான் பூட்டிவைத்திருந்த தோட்டா செய்யும் அறையைத் திறந்துவிட்டார்; எல்லாம் அப்படியே இருந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்துபோகும். ஸ்பிரிட்டில் கொழுப்பு கலந்த மசகைப் பீச்சி, ஸ்பிரிட் காய்ந்ததும் அச்சுக்குள் அழுத்தினால்தான் பழைய அளவுக்குத் திரும்பும். இங்கே வெண்டெல் அழுத்திய முதல் கூடே அச்சுக்குள் இறுகிக் கிடந்தது. தட்டில் அவன் மசகு பீச்சிவைத்த மிச்சக் கூடுகள்.

"அவதான் முந்தின நாள் இந்த மேசையில வேலை பார்த்தா," என்றான் அங்கே காத்திருந்த வெண்டெல். "முப்பது வருசமா என் தோட்டா என் கையாலதான். எனக்கா இது தெரியாது? நல்லாத்தான் பீச்சினேன், காய விட்டேன், அழுத்தினேன், மாட்டிக்கிச்சு."

"அப்ப புட்டியிலதான் கோளாறு," என்றார் மைலோ ஆவலாக.

ஆர்வில் தட்டிலிருந்து ஒரு கூட்டை எடுத்து விரலால் தேய்த்தார். வறண்டிருந்தது. புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தண்ணீர் போலத் தெளிவு; அடியில் மஞ்சளாகத் தடித்த கொழுப்பு.

"மைலோ, மாத்தி ஊத்தியிருந்தா இந்தக் கொழுப்பு இங்க இருக்குமா?"

"இருக்காது."

"புட்டியில இருக்கு, கூட்டுல இல்ல. ஏன்?"

ஆர்வில் புட்டியை நன்றாகக் குலுக்கினார், வெள்ளையாகக் கலங்கியது. ஒரு கூட்டில் பீச்சி, காயவிட்டு, சங்கத்தின் வேறோர் அச்சில் அழுத்தினார். கூடு வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"குலுக்காம பீச்சினா மேல நிக்கிற ஸ்பிரிட்டுதான் வரும். நேத்து கத்துக்கிட்டவன்கூட முதல்ல குலுக்குவான். முப்பது வருசக்காரன் எப்படிய்யா மறந்த?"

வெண்டெல் புட்டியை வாங்கித் தானும் ஒருமுறை குலுக்கிப் பார்த்தான்.

"மறக்கல," என்றார் ஆர்வில். "உனக்குத் தெரியவே தெரியாது. பேச மட்டும்தான் தெரியும். வசந்தத்துக்கு முன்னாடி உன் தோட்டாவை யாரு செஞ்சு குடுத்தது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இர்மாவா?"

"அவ... சும்மா பொழுதுபோக்குக்குச் செஞ்சா," என்றான் வெண்டெல், பிடிபட்ட பின்னும் குறையாத திமிரோடு.

"ஓட்டெடுப்பு இருக்கு," என்றார் தலைவர் வறண்ட குரலில். "லோர்னாவைத் தூக்க இல்ல, உன்னைத் தூக்க. பதினொரு கோப்பையையும் கொண்டுவந்து வச்சுட்டு, லோர்னாகிட்ட மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சுக்க," என்று முணுமுணுத்தான் வெண்டெல், தரையைப் பார்த்துக்கொண்டு.

லோர்னா அவன் பக்கத்தில் வந்தாள். "தரைகிட்ட ஏன்யா கேக்குற? அதை நீ என்ன பண்ணின? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."