ரெக்ஸ்லினுக்குப் புரியவில்லை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெக்ஸ்லின் தன்னைப் படிக்க அனுப்பிவிட்டு, இட்லி சாப்பிட உட்கார்ந்தாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழைய தூத்துக்குடி கடலுக்குள் போய், அதன்மேல் மிதவைத் தூத்துக்குடி எழும்பி எண்பது வருடமாகியிருந்த காலம் அது. சலிப்பான இடங்களுக்கு நேரில் போகிறவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். கல்யாணம், கருமாதி, பாராட்டு விழா எல்லாவற்றுக்கும் பதிலாள் போகும். பதிலாள் என்றால் அனுப்புகிறவரின் முகம், குரல், நடை மூன்றையும் அப்படியே வார்த்த எந்திரம். குழப்பம் வரக் கூடாதே என்று அரசாங்கம் இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தது. பதிலாள் கழுத்தில் நீலப் பட்டை போட்டிருக்க வேண்டும். பதிலாள் பொய் சொல்லக் கூடாது. சொல்ல நினைத்தாலும் அதற்கு வராது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வாத்தியார் வைத்துப் படிப்பதை எப்போதோ தடை செய்துவிட்டார்கள். ஒத்த வயதுக்காரர்கள் நாலு பேர் தோழமைக் குழுவாகப் பதிவு செய்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, இருநூறு மணி நேரம் உட்கார்ந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பதிலாள் உட்கார்ந்தாலும் செல்லும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்!

ரெக்ஸ்லினுக்கு இது மூன்றாவது முறை. நான்காவது முறை யாருக்கும் கிடையாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வீடு இருந்த மிதவையை இடம் மாற்றப் போவதாக மூன்று பக்கத் தாள் ஒன்று வந்தது. அதைப் படித்து அர்த்தம் சொல்லத் தெருவில் ஒரு ஆள் இல்லை. அம்மா கைரேகை வைத்தாள். மறுவாரம் வீடு துறைமுகத்திலிருந்து ஆறு மைல் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட தாளைப் படிக்கத் தெரிந்தவளாக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆசை இருந்தது; சந்தேகம் கேட்க வாய்தான் இல்லை. போன இரண்டு முறையும் அவள் குழுவில் நேரில்தான் உட்கார்ந்தாள். "புரிஞ்சுதா?" என்று யாராவது கேட்டால் முதல் ஆளாகத் தலையாட்டுவாள். நாலு பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்வதைவிடக் கடலில் குதித்துவிடலாம் என்றிருக்கும் அவளுக்கு. அதனால்தான் இந்த முறை பதிலாள். அது கொண்டுவந்த குறிப்புகளும் அவளுக்குப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பதிலாள் வாசற்படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. பழுது பார்க்கிறவர் மூட்டைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உப்புக் காத்துல அரிச்சிட்டும்மா. இந்த மாடலே அப்படித்தான். இந்த மாசத்துல எங்கிட்ட வந்ததுல இது நாலாவது."

"எப்பண்ணே சரியாகும்?"

"சாமான் வர மூணு மாசமாவது ஆகும்."

மணிநேரம் குறைந்தால் தேர்வு போச்சு. வேறு வழியில்லாமல் அடுத்த நாள் ரெக்ஸ்லின் தானே கிளம்பினாள். படிப்பறைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளோடு குழுவில் பதிவு செய்திருந்த பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் மூவருமே உள்ளே இருந்தார்கள். எந்தக் கேள்விக்கும் முதலில் கைதூக்கும் இசக்கிராஜ், முகத்தில் ஒன்றையும் காட்டாத ஆவுடை, வாயைத் திறந்தால் கேலி பேசும் மீரான். மூன்று கழுத்திலும் நீலப் பட்டை.

'சே, நான் மட்டும் வேலைவெட்டி இல்லாமல் நேரில் வந்திருக்கிறேனே. இதுகள் போய் அனுப்பியவர்களிடம் சொல்லிவிடுமே!' வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓட்டமாக வீட்டுக்குப் போய், பழுதான பதிலாளின் பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

மூன்று பேரும் ஒரு நொடி அவள் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆவுடை சொன்னாள்: "பாடத்தைத் தொடங்குவோம். நம்மை அனுப்பியவர்களுக்கு எது புரியவில்லை? ரெக்ஸ்லினின் பதிலாள் முதலில் சொல்லட்டும்."

ரெக்ஸ்லினுக்கு வியர்த்தது. பதிலாள் பொய் சொல்லாதே! உண்மையைச் சொன்னால்தான் நம்புவார்கள்.

"ரெக்ஸ்லினுக்கு ஏவல் பொறுப்பு என்ற பாடமே புரியவில்லை. இரண்டு வருடமாகப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்."

சொல்லி முடித்ததும் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

"இசக்கிராஜுக்கும் அது புரியவில்லை," என்றது எதிரிலிருந்த குரல். "அவன் மற்றவர்களுக்கு விளக்கியதெல்லாம் குத்துமதிப்பு."

அடப்பாவி! ரெக்ஸ்லின் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளையாக ஆவுடைக்கு அந்தப் பாடம் தெரிந்திருந்தது.

"ஒருவர் தன் எந்திரத்தை மீன் வாங்க அனுப்புகிறார். அது வழியில் ஒரு கிழவரை இடித்துத் தள்ளிவிடுகிறது. யார் பொறுப்பு?"

"எந்திரம்தான். மீன் வாங்கத்தானே சொன்னார், இடிக்கச் சொல்லவில்லையே," என்றாள் ரெக்ஸ்லின்.

"சீக்கிரம் வா என்று சொல்லி அனுப்பினாரா?"

"சொல்லியிருப்பார்."

"அப்படியானால் அந்த அவசரம் யாருடையது?"

ரெக்ஸ்லினுக்கு இரண்டு வருடம் மண்டையில் ஏறாதது இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது. அனுப்பிய வேலை மட்டுமல்ல, அதோடு சேர்த்து அனுப்பிய அவசரமும் அனுப்பியவருடையதுதான்!

அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் போனாள். பட்டை எந்திரத் தோலுக்கென்று செய்தது. மனிதக் கழுத்தில் பொரிப்பொரியாக வேர்க்குருவைக் கிளப்பியது. வீட்டுக்கு வந்து சொறிந்துகொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, மறுநாள் மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பதிலாள்களைக் கவனிப்பதே தனி சுவாரசியமாகிவிட்டது. மீரானின் பதிலாள் கொசுவை அடித்தது. இசக்கிராஜின் பதிலாள் ஒருநாள் தும்மியது. பாடத்தில் உதாரணம் காட்ட நடுவில் வைத்த கடலை மிட்டாய் தினமும் குறைந்தது. 'என்னமாய்ச் செய்கிறார்கள்! நம்முடையது பழைய மாடல்போல' என்று வியந்தபடி, யாரும் பார்க்காதபோது அவளும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு நெருங்கிய ஒரு மாலை, ஆவுடை வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மீரானின் குரல் மெதுவாக வந்தது.

"பாடத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் மீரான் தினமும் அழுகிறான். வீட்டில் எல்லோரும் அவனை இப்போதே வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள். தோற்றால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை."

இசக்கிராஜின் பதிலாள் நாற்காலியை மீரான் பக்கம் இழுத்துப் போட்டது.

"இசக்கிராஜும் அழுகிறான். மீரானிடம் இதைச் சொல்லலாம்."

"ஆவுடையும் அழுகிறாள். குளிக்கும்போது."

"ரெக்ஸ்லின் தலையணையில்," என்றாள் ரெக்ஸ்லின். ஆவுடையின் கை நீண்டு மீரானின் தோளைத் தட்டிக்கொடுத்தது. எந்திரங்களுக்கு இவ்வளவு ஈரமிருக்க, மனுஷங்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று என்று ரெக்ஸ்லின் மனத்துக்குள் பொருமினாள். நேரில் பார்க்கும்போது மீரானிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

தேர்வு நாளும் வந்தது. நால்வருக்கும் இடம் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை அதில் இல்லை, வாசலில் இருக்கிறது.

தேர்வுக்கூடத்துக்குள் பதிலாளுக்கு அனுமதி இல்லை. பட்டையைக் கழற்றிவிட்டு ஆள்மாறாட்டம் செய்யப் பார்ப்பவர்களைப் பிடிக்கவென்று பேசும் கதவொன்று வைத்திருந்தார்கள். முகத்தையோ குரலையோ அது நம்பாது. அவரவர் படித்த மணிநேரக் கணக்கை வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கும். பதிலில் திருப்தி இல்லையென்றால் விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்கும்.

ரெக்ஸ்லின் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவன் இசக்கிராஜ். அவன் கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று வேர்க்குரு; அதன்மேல் திட்டுத்திட்டாகப் பவுடர். அவனுக்கு முன்னால் ஆவுடை. அவள் கழுத்திலும் பவுடர். மீரான் அந்த வெயிலில் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். துண்டின் ஓரத்தில் வெள்ளையாக உதிர்ந்திருந்தது. ரெக்ஸ்லினின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது. மூவரும் திரும்பி அவள் கையைப் பார்த்தார்கள்.

தும்மல், கொசு, கடலை மிட்டாய்! நால்வருக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மூன்று மாதம் அத்தனையையும் கொட்டியது ஒருவரிடம் ஒருவர்தான். மீரானிடம் சொல்ல வைத்திருந்த ஆறுதல் ரெக்ஸ்லினின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் கதவு கேட்டது: "பாடங்களை நன்றாகப் படித்தீர்களா?"

மீரான் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். "நானா? புஸ்தகத்தையே தொடல. சும்மா எழுதிப் பாப்போம்னு வந்தேன்."

"எனக்கும் எங்க நேரம் கெடச்சுது?" என்றாள் ஆவுடை.

"நேத்துதாம்ல பொரட்டிப் பாத்தேன், அதுவும் ரெண்டு பக்கம்," என்றான் இசக்கிராஜ்.

"நான் ஒண்ணுமே படிக்கல," என்றாள் ரெக்ஸ்லின்.

கதவு ஊசியை வெளியே எடுக்கவே இல்லை.

"நால்வரும் மனிதர்களே. உள்ளே போகலாம்," என்று வழிவிட்டது.