பச்சை முகம்

மனைவியின் செருப்பையும் போர்வையையும் வாங்கிப் போகத்தான் கிழவர் மகனோடு அந்த வார்டுக்கு வந்தார். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களை வலி தெரியாமல் வழியனுப்பும் வார்டு. அவளும் முந்தின நாள் மதியம் போய்விட்டாள்.

கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். சுவரில் திரை மட்டும் அணையவில்லை. அதன் கேமரா, படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்தே வலியைக் கண்டுபிடிக்குமாம். வலித்தால் சிவப்பு முகம் காட்டும். நர்ஸ் ஊசியோடு ஓடி வருவாள். வலி இல்லையென்றால் பச்சை முகம். கட்டின புருஷனுக்கே பிடிபடாத முகத்தைப் பெட்டி படித்துக் கிழித்துவிடுமாம்!

"கவலப்படாதீங்க ஐயா. கடைசி வரைக்கும் பச்சைதான். சிரிச்ச முகமாவே போனாங்க," என்றாள் நர்ஸ்.

கிழவர் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"சிரிச்சாளா?"

வலி வந்தால் சிரிக்கிற பிறவி அவள். இந்த மகனைப் பெற்றபோதும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் கிடந்தாள். பிரசவம் பார்த்தவளே மிரண்டு போனாள். திரையை மாட்டிய அன்றே இதை நர்ஸிடம் சொல்லும்படி மகனிடம் படித்துப் படித்துச் சொன்னார். 'சொல்லிட்டேன்ப்பா, நீ வீட்டுக்குப் போய்ப் படு' என்றான். நம்பிப் போய்ப் படுத்தார்.

"இவன் உங்ககிட்ட எதுவும் சொல்லலியாம்மா?"

"இல்லியே ஐயா." நர்ஸ் பொருள்களை எடுத்து வரப் போனாள்.

மகன் தலையைச் சொறிந்தான். "நர்ஸ் கேட்டா சிரிப்பாங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்ப்பா. மெஷினுக்குத் தெரியாததா?"

"பெத்தவள ஊசி இல்லாம துடிக்க விட்டுட்டியேடா, பாவி!"

கிழவர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். திரை இருண்டது.

தைல வாடை வந்தது. அவள் நெற்றியில் தடவும் அதே தைலம்.

கட்டில் கிறீச்சிட்டது.

யாரும் உட்காரவில்லை.

தலையணை நடுவில் மெல்லக் குழிந்தது.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே கட்டிலில் சுருண்டு விழுந்தான். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டன. பல்லெல்லாம் தெரிந்தது.

அவள் சிரிப்பு.

"அப்பா... வலிக்குதுப்பா..." மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. "வாய மூட முடியல..."

"நர்ஸம்மா, ஓடி வாங்க!" கிழவர் அலறினார்.

நர்ஸ் பையோடு வாசலில் வந்து நின்றாள். பழக்கதோஷம், கட்டிலைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள்.

"பதறாதீங்க ஐயா. பச்சைதானே காட்டுது?"

பிளக் கிழவரின் காலடியில் கிடந்தது.